எல்லோர் கையிலும் மண்வெட்டி: பண்ணையோடு சேர்ந்த பள்ளியைப் பற்றி

பிள்ளைகள் பள்ளியில் பயிர் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் பேசும்போதெல்லாம் முதலில் மறுப்புச் சொல்பவர்கள் அதிகாரிகளோ சக ஆசிரியர்களோ அல்லர். நாற்று நட்டுப் பிழைக்கும் தாய்மார்கள்தான். “டீச்சர், நான் குனிஞ்சு குனிஞ்சு நட்டு இடுப்பு விட்டுப்போய்த்தான் இவளைப் படிக்க அனுப்புறேன். இங்கேயும் இவ சேத்துலதான் நிக்கணுமா?” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். காவிரிப் பாசனப் பகுதியின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு, இதைவிடப் பொருத்தமான கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. இதற்கு நேர்மையாக விடை தேடாமல், பண்ணைவழிக் கல்வியின் பெருமைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போவது அந்தத் தாய்க்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறி எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அவருக்குப் பின் முதலமைச்சரான காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். இன்றைக்கும் கல்வியையும் உடலுழைப்பையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் நம் ஊரில் பலருக்கு முதலில் ஐயம்தான் வருகிறது. அந்த ஐயம் நியாயமானது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று வழிவிட்டிருப்பதை நினைத்தால், அந்த விழிப்பை நாம் இழந்துவிடக் கூடாது என்றே தோன்றுகிறது.

ஆயினும் குலக்கல்வித் திட்டத்தின் குற்றம் பிள்ளைகளை வேலை செய்யச் சொன்னதில் மட்டும் இல்லை. வேலையைப் பள்ளிக்கு வெளியே, பிறந்த வீட்டில், பிறப்பின்படி பங்கிட்டதில் இருந்தது. உழவர் மகன் உழவையும் சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும் கற்பான். எழுதிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்திலும் எழுத்தையே கற்பான். நான் விரும்பும் பள்ளியில் வேலை பள்ளிக்குள் நடக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேலையைச் செய்வார்கள். ஆசிரியரும் உடன் நின்று செய்வார். அந்த வேலையிலிருந்து கணக்கும் அறிவியலும் மொழியும் கிளைத்து வரும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தாய் கேட்டதுதான் சரி.

இப்படி ஒரு பள்ளி 1910இலேயே நடந்தது, அதுவும் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து நடந்தது என்பதை நம்மவர்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்குவதற்காக, ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே லாலி ரயில் நிலையத்தை ஒட்டி 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கிக் காந்தியிடம் ஒப்படைத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆரஞ்சு, பிளம், ஆப்ரிகாட் மரங்கள் ஏராளமாக இருந்த அந்த இடத்தில் வேலைக்காரர் என்று யாரும் கிடையாது. சமையல் முதல் கழிவகற்றுவது வரை அங்கே வாழ்ந்தவர்களே செய்தார்கள். கழிவைக் குழியில் புதைத்து உரமாக்கினார்கள். காலை நேரம் முழுவதும் குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது என்று தோட்ட வேலைக்கே போய்விடும். ஆகவே எழுத்துப் பாடத்துக்கு மதிய உணவுக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது. உழைத்துக் களைத்த பிள்ளைகளின் கண்கள் அந்நேரத்தில் சொக்கின என்பதைக் காந்தியே எழுதியிருக்கிறார். கால அட்டவணை போடுகிற எந்த ஆசிரியரும் கவனிக்க வேண்டிய செய்தி அது: உடலுழைப்பையும் எழுத்துப் பாடத்தையும் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் கொஞ்சம் பேசுவார்கள், எழுத்து அறவே தெரியாது. சிறையில் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துத் தாம் கற்ற அரைகுறைத் தமிழைக் கொண்டு காந்தி அவர்களுக்கு எழுத்தறிவித்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால் அந்தப் பிள்ளைகளே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஆனார்கள். ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வகுப்பு அது. பண்ணையில் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு விதிதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. அவர்கள் வேலை செய்யும்போது ஓர் ஆசிரியர் உடன் நின்று உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு விதி அடியோடு ஒழித்துவிடுகிறது.

அந்த அனுபவத்தின் நீட்சியாக 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு, 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஏழாண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. நூற்பு, நெசவு, தச்சு ஆகியவற்றோடு வேளாண்மையும் காய்கறி, பழத் தோட்டமும் அடிப்படைத் தொழில்களாக அதில் இடம்பெற்றன. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். இந்தப் பங்கீட்டை நான் ஏற்கவில்லை. கணக்குக்கும் மொழிக்கும் தனியாக உட்கார்ந்து பழக வேண்டிய நேரம் உண்டு. எல்லாவற்றையும் தொழிலின் வழியே கொண்டுவர முயன்றால் வலிந்து பொருத்திய பாடங்களாகவே அவை முடியும். பிள்ளைகளின் உற்பத்தியே பள்ளியின் செலவை ஈடுகட்ட வேண்டும் என்ற கருத்தை அந்த மாநாட்டிலேயே பொருளியல் அறிஞர் கே.டி. ஷா எதிர்த்தார். பிள்ளைகளிடமிருந்து முடிந்த மட்டும் வேலை வாங்குவதிலேயே ஆசிரியரின் கவனம் போய்விடும் ஆபத்து இருக்கிறது என்று ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையும் எச்சரித்தது. எச்சரிக்கையோடு பிறந்த திட்டம் என்பதால்தான் அதன்மேல் எனக்கு மதிப்பு.

அதை வார்தா அருகே காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனில் பணியாற்றிவிட்டு வந்த அவரும், அவர் துணைவியார் ஆஷா தேவியும் ஆதாரக் கல்விக்கான அமைப்பான இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் வழியே பல ஆண்டுகள் அந்தப் பள்ளியை வளர்த்தார்கள். விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் நாடு முழுவதும் பெயரளவில் பெருகி, பின்னர் தேய்ந்தன. தேசியக் கல்விக் குழுவான கோத்தாரிக் குழு 1966இல் பள்ளியில் செய்யும் இத்தகைய வேலையைப் பணி அனுபவம் என்றது. 1977இல் சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று பெயர் மாறியது. கால அட்டவணையில் ஒரு பாடவேளையாக ஒடுங்கிய பிறகு, தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது அந்தப் பாடவேளையாகவே இருந்தது.

இனி, வயலில் உண்மையிலேயே என்ன கற்க முடியும் என்பதற்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அளவீட்டியல். அதில் அடர்த்தி வருகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் மேட்டூர் அணையை வழக்கமாக 12ஆம் தேதி திறப்பார்கள். எங்கள் பகுதியில் குறுவை என்னும் குறுகிய கால நெல் பருவத்துக்கு விதை தேர்ந்தெடுக்கும் காலமும் அதுவே. பாடமும் பருவமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

ஒரு வாளி தண்ணீரில் புதிய கோழிமுட்டை ஒன்றைப் போட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கக் கரைக்க, முட்டை முதலில் அடியிலேயே எழுந்து நிற்கும். பிறகு மெல்ல மேலே வரும். கடைசியில் அதன் மண்டைப் பகுதி 25 காசு அளவுக்கு நீர்மட்டத்துக்கு மேலே தெரியும். உப்புப் போடுவதை அப்போது நிறுத்த வேண்டும் என்பது உழவர்களின் கணக்கு. 25 காசு 2011லேயே செல்லாமல் போய்விட்டதால் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. அதன் விட்டம் 19 மில்லிமீட்டர் என்று சொன்னால், கவராயத்தை எடுத்துத் தாளில் வட்டம் போட்டு, வெட்டி, முட்டையின் அருகே பிடித்துப் பார்க்கிறார்கள். அதன்பின் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் மிதக்கும். முற்றிய மணிகள் மூழ்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும்; உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புக் கெடும்.

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டு அடர்த்திக்கு வரையறை சொல்லிவிடக் கூடாது. முட்டை அதே முட்டைதானே, ஏன் மேலே வந்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உப்பு முட்டையைத் தூக்குகிறது என்று ஒருவர் சொல்வார். முட்டைக்குள் உப்பு போய்விட்டது என்று இன்னொருவர் சொல்வார். தண்ணீர் கனமாகிவிட்டது என்று கடைசியில் யாராவது சொல்வார்கள். மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரையும் ஒரு லிட்டர் உப்புத் தண்ணீரையும் தராசில் வைத்தால், முதலாவது ஒரு கிலோவில் நிற்க, இரண்டாவது அதைத் தாண்டிப் போகும். அந்த நொடியில் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்ட பிறகு, கரும்பலகையில் நிறையைக் கன அளவால் வகுக்கும் சூத்திரத்தை வெறுமனே எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போக எனக்கு மனம் வந்ததில்லை.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள இடம் மூன்று செண்ட். பட்டாவில் நிலத்தை ஹெக்டேர், ஏர் என்ற மெட்ரிக் அலகுகளில் எழுதுகிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் செண்டில் பேசுகிறார்கள். வீட்டில் தாத்தா குழி, மா, வேலி என்கிறார். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. தஞ்சைப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று செண்ட் எத்தனை குழி என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், ஒன்பது குழியும் சற்றும் என்று விடை வரும். அதைத் தாத்தாவிடம் போய்ச் சொன்னால் அவர் சரிபார்ப்பார். பாடநூலின் அலகு மாற்றக் கணக்குகளைச் சரிபார்க்க ஊரில் யாரும் இல்லை. இதற்கு ஊரே இருக்கிறது.

நடவிலும் இதே வளம் உண்டு. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் வயதுள்ள நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறோம். சதுர மீட்டருக்கு 16 குத்து என்பதைப் பிள்ளைகளே கணக்கிடுகிறார்கள். பயிர் தூர்கட்டும் காலத்தில், அதாவது ஒரே நாற்றின் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும் காலத்தில், ஆளுக்குப் பத்துக் குத்து என்று பிரித்துக்கொண்டு வாரந்தோறும் தூர்களை எண்ணி எழுதுகிறார்கள். சராசரி, வீச்சு, வரைபடம் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. புங்கமர நிழல் விழும் மூலையில் தூர் குறைவாக இருப்பதையும், வரப்போரத்துக் குத்துகள் நடுவயலைவிடச் செழிப்பாக இருப்பதையும் நான் சொல்லித் தரவில்லை. எண்ணிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று அவர்களுக்குள் நடந்த வாதத்தில் ஒளி, நீர், போட்டி என்று தாவரவியலின் பாதி அலசப்பட்டுவிட்டது.

சிறு வகுப்புகளுக்கு நெல் வேண்டாம், கீரைப்பாத்தி போதும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடுவதால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பொறுமைக்கு அது ஏற்ற பயிர். பொடி விதையை மணலோடு கலந்து தூவுவது, பூவாளியில் மெதுவாகத் தண்ணீர் தெளிப்பது, முளைத்ததில் எது கீரை, எது களை என்று பிரித்தறிவது ஆகியவை அந்த வயதுக்கான உற்றுநோக்கல் பாடங்கள். பறித்த கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். யாரும் சாப்பிடாத தோட்டத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் அலங்காரம் என்று புரிந்துகொள்கிறார்கள். தட்டில் விழும் கீரையை யார் தண்ணீர் விடாமல் காய விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேலையைப் பங்கிடும்போதுதான் பள்ளி தன்னை உண்மையில் யாரென்று காட்டுகிறது. கழிப்பறை கழுவவும் பெருக்கவும் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை ஏவிய செய்திகள் நம் மாநிலத்துச் செய்தித்தாள்களில் இன்னும் வருகின்றன. அப்படிப்பட்ட சூழலில் மண்வெட்டியைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறவர், அது யார் கைக்குப் போகிறது என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “இவனுக்குத்தான் நல்லா வெட்டத் தெரியும்” என்று ஒரு கூலி வீட்டுப் பையனிடம் எப்போதும் மண்வெட்டியைத் தருவதும், பையன்கள் வெட்டப் பெண்பிள்ளைகள் பெருக்குவதும், நன்றாகப் படிப்பவர்கள் குறிப்பேட்டோடு நிழலில் நிற்பதும் பார்வைக்கு இயல்பாகவே தோன்றும். அங்கேதான் குலக்கல்வி பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. எங்கள் பள்ளியில் மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, குறிப்பேடு நான்கும் சுற்றில் வரும். யாரும் எதையும் தவிர்க்க முடியாது. எருக்குழி முறை வரும் நாளில் தலைமையாசிரியரும் கூடையைத் தூக்குகிறார்.

அதே சமயம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு பிள்ளை, நாற்றின் வேர் மடங்காமல் எப்படி வைப்பது என்று வகுப்புக்கே சொல்லித் தரும்போது அவள் முகத்தில் வரும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன். அவளை அந்தத் திறமையோடே நிறுத்திவிடாமல், அவள் சொன்னதை அவளே எழுதிப் பார்க்க வைப்பதுதான் என் வேலை. அவள் முதன்முதலாக முழுப் பக்கம் எழுதியது நாற்றங்காலைப் பற்றித்தான்.

தனியார் முயற்சிகளில் திருவண்ணாமலை அருகே 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியும், சேவாகிராமத்தில் 2005 முதல் மீண்டும் நடக்கும் ஆனந்த நிகேதன் பள்ளியும் இந்த வழியில் தொடர்ந்து இயங்குகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் பேருந்தில் வந்து, வெள்ளைச் சீருடையோடு நாலு நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் வயல் சுற்றுலாவை இவற்றோடு சேர்த்துப் பேசுவது தகாது. விதைத்தவர் களை எடுத்து, பூச்சி பார்த்து, மழையில் சாய்ந்ததைக் கண்டு வருந்தி, அறுத்து, அளந்து, கணக்கு முடிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு பருவம் முழுதும் தேவை.

அரசுப் பள்ளியில் இது நிலைக்காமல் போவதற்கான காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஏப்ரல் பிற்பகுதியில் பள்ளி மூடும்; மே மாத வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் எல்லாம் காயும்; வேலி சரியாக இல்லையென்றால் ஆடு வந்துவிடும்; ஜூனில் வந்து பார்த்தால் கட்டாந்தரையும் மனச்சோர்வும்தான் மிச்சம். தோட்டத்தில் அக்கறை கொண்ட ஆசிரியர் மாறுதலில் போனால் அவரோடு தோட்டமும் போய்விடும். எனவே மார்ச்சுக்குள் அறுவடை முடியும்படி பயிரைத் திட்டமிட வேண்டும். கோடையில் நிலத்தின் மேல் இலைதழையால் மூடாக்குப் போட்டு விட்டுவிட்டு, மழை கண்டதும் தக்கைப்பூண்டோ சணப்போ பசுந்தாள் உரமாக விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழலாம். முருங்கையும் கறிவேப்பிலையும் வேலியோரம் இருந்தால் கோடையைத் தாங்கும். பூச்சிக்கொல்லி எதுவும் பள்ளி எல்லைக்குள் வரக் கூடாது. அரிவாள் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். எந்தப் பாத்தியில் என்ன விதைத்தோம், எப்போது, எவ்வளவு விளைந்தது என்பதை ஒரு பெரிய பதிவேட்டில் பிள்ளைகளே எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர் எந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய நிதி இல்லை. வாரத்தில் இரண்டு நாள், காலையில், அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒதுக்கி, அவற்றை வயலில் நடத்த அனுமதி வேண்டும். பருவத்தின் இடையிடையே செய்யும் வளரறி மதிப்பீட்டில் அந்தப் பதிவேட்டையும் தூர் எண்ணிய வரைபடத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் தண்ணீர் விட, ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாகவோ பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாகவோ ஊரிலிருந்து ஒருவருக்குக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். அந்தக் கூலி வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.